இருபதுகளில் ஏறும் எடை: காரணம் வயது அல்ல, வழக்கம்

படிப்பை முடித்து வேலைக்குப் போன இரண்டு, மூன்று ஆண்டுகளில் பேன்ட் இடுப்பில் இறுக்கத் தொடங்குகிறது. ‘இப்பதான் பார்க்க லட்சணமா இருக்கே’ என்று வீட்டில் மகிழ்வார்கள். ‘வயசானா சதை போடத்தான் செய்யும்’ என்று நண்பர்கள் தேற்றுவார்கள். ஆனால் இது ஓரிருவரின் கதை அல்ல. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15–49 வயதுப் பெண்களில் அதிக எடையோ உடல் பருமனோ கொண்டவர்கள் 2015-16இல் 30.9 சதவீதம். 2019-21இல் இது 40.4 சதவீதமாகியது. ஆண்களில் 28.2இலிருந்து 37 சதவீதமாக உயர்ந்தது.

வயதின் மீது பழி போட முடியாது. 29 நாடுகளில் 6,400க்கும் மேற்பட்டோரின் தரவுகளை அலசிய ஆய்வு 2021இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியானது. உடலின் அளவைக் கணக்கில் கொண்டால், 20 வயது முதல் 60 வரை உடல் செலவழிக்கும் ஆற்றல் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கிறது என்று அது காட்டியது. அப்படியானால் மாறியது அன்றாடம்தான். விளையாட்டு நின்றது, நாற்காலி வந்தது. இரவுச் சாப்பாடு பத்து மணிக்குத் தள்ளிப்போனது, தூக்கம் குறைந்தது. தூக்கம் குறைந்தால் பசியும் கூடும்.

எங்கே ஏறுகிறது?

ஒரு டீக்கு இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் சுமார் 10 கிராம், 40 கலோரி. நாளுக்கு நான்கு டீ குடித்தால் சர்க்கரையே 40 கிராம். 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி இருக்கிறது. பரோட்டாவிலும் சால்னாவிலும் எத்தனை கரண்டி சேர்ந்தது என்று சாப்பிடுபவருக்குத் தெரியாது.

மெஸ் சாப்பாட்டைப் பாருங்கள். சாம்பாருக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று சோறு மூன்று முறை வருகிறது. பொரியல் ஒரு கரண்டியோடு நின்றுவிடுகிறது. இதைத் திருப்பிப் போட்டாலே பாதி வேலை முடிந்தது. கீரையும் காய்களும் பாதித் தட்டை நிரப்பட்டும். சோறு ஒரு முறை போதும். முட்டை, மீன், சுண்டல், பருப்பு என ஏதாவதொரு புரதம் கூட இருந்தால் மாலையில் பஜ்ஜிக் கடை பக்கம் கால் போவது குறையும். சோற்றை அறவே விடுவதும், பட்டினி கிடப்பதும் நீடிக்காது. வாரம் அரை கிலோ இறங்கினால் போதும்.

நடை மட்டும் போதுமா?

70 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் சுமார் 140 கலோரி செலவாகும். ஒரு சமோசா அதை ஈடுகட்டிவிடும். ஆகவே எடையைக் குறைப்பதில் சாப்பாட்டுக்கே முதலிடம். குறைந்த எடை மீண்டும் ஏறாமல் காப்பதில் உடற்பயிற்சிக்குப் பெரும் பங்கு. வாரத்துக்கு 150 நிமிட வேக நடையும், இரண்டு நாள் தசைப் பயிற்சியும் தேவை. ஜிம்முக்குப் பணம் இல்லையென்றால் அறையிலேயே தண்டாலும் பஸ்கியும் எடுக்கலாம்.

எப்போது விழித்துக்கொள்வது?

இந்தியர்களுக்கு உடல் நிறை குறியீட்டெண் 23ஐத் தொட்டால் அதிக எடை. 25ஐத் தொட்டால் உடல் பருமன். 170 செ.மீ. உயரமுள்ளவருக்கு இவை முறையே சுமார் 66.5 கிலோ, 72 கிலோ. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது. காரணமின்றி எடை வேகமாக ஏறினாலோ, சோர்வோ மாதவிடாய்க் கோளாறோ சேர்ந்து வந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு குறைபாடு, சினைப்பை நீர்க்கட்டி, சில மருந்துகள் ஆகியவையும் எடையை ஏற்றும்.

80 கிலோ உள்ளவர் நான்கு கிலோ குறைத்தாலே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சீராகத் தொடங்கும். இளைஞர்களின் மன உறுதியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் நாளின் பெரும்பகுதியைக் கழிக்கும் அலுவலகமும் விடுதியும் மாலையில் சமோசாவுக்குப் பதில் சுண்டல் தரட்டும். இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் பரிமாறட்டும்.