காபி மெஷினுக்குள்ளே படியும் சுண்ணாம்பு

கல்யாண வீட்டு வாசலில் புஸ்ஸென்று நுரை பொங்கக் காபி போடும் மெஷினை நாம் எஸ்பிரஸ்ஸோ மெஷின் என்கிறோம். இத்தாலியில் எஸ்பிரஸ்ஸோ என்பது வேறு. அங்கே வெந்நீரை அழுத்தம் கொடுத்துக் காபித்தூள் வழியாக இறக்குவார்கள். நம்ம மெஷினில் ஆவிதான் பாலைச் சூடாக்கி நுரைக்க வைக்கிறது. ஆனால் இரண்டுக்கும் வியாதி ஒன்றுதான்: சுண்ணாம்புப் படிவு.

எங்கள் குழு உள்கடன் எடுத்து ஒரு மெஷின் வாங்கி விசேஷங்களுக்குக் கொண்டு போகிறோம். முதல் வருஷம் ஒரு குறையும் இல்லை. பிறகு ஆவி கிளம்பவே முக்கால் மணி நேரம் ஆச்சு. சிலிண்டரும் சீக்கிரம் தீர்ந்தது. ஒரு காதுகுத்தில் பந்தி முடிந்து ஜனங்க கை கழுவிட்டு நிற்கிறாங்க, எங்க மெஷின் முனகிட்டே கிடக்கு. வாடகையில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்தால், பாய்லர் அடியில் முட்டை ஓடு மாதிரி வெள்ளையாகப் படிந்திருக்கு.

காரணம் போர் தண்ணீர்தான். அதில் கரைந்திருக்கும் கால்சியம், சூடாகும்போது சுண்ணாம்பாகப் பிரிந்து ஒட்டிக்கொள்ளும். குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 600 வரை போகலாம் என்கிறது இந்தியத் தரநிர்ணயம். படிவு தடித்தால் சூடு தண்ணீருக்குப் போகாது, கேஸ்தான் வீணாகும்.

கேஸ் போனாலும் பரவாயில்லை. சேஃப்டி வால்வில் சுண்ணாம்பு அடைத்தால் ஆவி வெளியேற வழியில்லாமல் பாய்லரே வெடிக்கும். வால்வு ஒழுகுதுன்னு கம்பி வைத்து இறுக்கிக் கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவு செஞ்சு அதைச் செய்யாதீங்க. வால்வு வேலையை மெக்கானிக்கிடம் விடுங்க.

படிவை நாமே எடுக்கலாம். முதலில் மெஷின் நன்றாக ஆறணும், அழுத்தம் காட்டும் முள் பூஜ்யத்துக்கு வரணும். அதற்குப் பிறகுதான் மூடியில் கை வைக்கணும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேளுங்க. லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் கரைத்து, படிவு மூழ்கும் அளவு ஊற்றுங்க. மூடியைத் திறந்தே வைத்து, கை பொறுக்காத சூடு வந்ததும் அடுப்பை அணைத்திடணும். கொதிக்க விடவே கூடாது. முறுமுறுவென்று குமிழி வரும், அதுதான் சுண்ணாம்பு கரைகிற அடையாளம். ஒரு மணி நேரம் கழித்து வடித்துவிட்டு, நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசுங்க. கடைசித் தண்ணீரை நாக்கில் வைத்தால் புளிப்பு தெரியக் கூடாது. அப்புறம் ஒரு தடவை வெறும் தண்ணீரைக் காய்ச்சி, ஆவியைக் குழாய் வழியாக விட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிடுங்க.

இது எவர்சில்வர் பாய்லருக்குத்தான். உள்பக்கம் அலுமினியம் என்றால் அமிலம் அதையே அரித்துவிடும். கக்கூஸ் கழுவும் ஆசிட்டை எந்த மெஷினிலும் ஊற்றாதீங்க. ஸ்க்ரூ டிரைவரால் கொத்துவதும் வேண்டாம். பெயர்ந்த துண்டு குழாயில் போய் அடைக்கும்.

ஆவிக்குழாயில் பால் காய்வது இன்னொரு தொல்லை. ஒவ்வொரு ஜக்கு முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து, ஒரு நொடி ஆவியைத் திறந்து மூடுங்க. குழாயைத் திறந்தபடியே பாலுக்குள் விட்டு அடுப்பை அணைத்தால், பாய்லர் ஆறும்போது பாலை உள்ளே உறிஞ்சிக்கும். மறுநாள் மூடியைத் திறந்தால் நாத்தம் குடலைப் பிடுங்கும். நாங்கள் ஒருமுறை பட்டது போதும்.

இப்போது மாதம் ஒருமுறை சுண்ணாம்பு எடுத்து, தேதியைத் தீர்மான நோட்டிலேயே எழுதுகிறோம். வசதியுள்ள இடத்தில் கேன் தண்ணீர் ஊற்றுகிறோம். அந்த மாதம் பாய்லரில் படிவு பேருக்குத்தான் இருக்கு.