வெயிலுக்கு உப்பும் தண்ணீரும்

மருந்துக்கடை அலமாரியில் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்துக்குப் பக்கத்திலேயே பழச்சாறு மணத்தோடு சின்னச் சின்ன அட்டைப்பெட்டிகள் பல ஆண்டுகள் விற்பனையில் இருந்தன. பெட்டியின் முகப்பில் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற எழுத்துகள் பெரிதாக இருக்கும்; உள்ளே இருந்தது இனிப்புப் பானம். உலக சுகாதார அமைப்பின் சூத்திரப்படி ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ். கரைசலில் 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்க வேண்டும். அந்தப் பெட்டிகளில் லிட்டருக்கு 100 கிராமுக்கும் மேல் சர்க்கரை இருப்பதை எடுத்துக்காட்டி, ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் போராடினார். ‘இது உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கும் ஓ.ஆர்.எஸ். அல்ல’ என்று ஒரு வரி அச்சிட்டுவிட்டு விற்கலாம் என நடுவில் அனுமதி கொடுத்திருந்த இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம், 2025 அக்டோபரில் அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றது. சூத்திரத்தில் அடங்காத எந்தப் பானத்தின் பெயரிலும் அந்த எழுத்துகள் வரக் கூடாது என்று உத்தரவிட்டது. பெயர்ப் பிரச்சினைக்கு ஒரு வழி பிறந்தது. ஆனால், வெயிலில் தளர்ந்து வருகிறவரின் கையில் இனிப்புத் தண்ணீரைக் கொடுத்தால் தெம்பு வந்துவிடும் என்ற நம்பிக்கை அப்படியே இருக்கிறது. சித்திரை, வைகாசியில் அந்த நம்பிக்கைக்குத் தரும் விலை பெரிது.

வியர்வையில் போவது என்ன என்பதிலிருந்து தொடங்கலாம். கத்திரி வெயிலில் கான்கிரீட் போடுகிறவர், செங்கல் சூளையில் கல் அறுக்கிறவர், தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு வாருகிறவர் ஆகியோருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரை வியர்ப்பது அசாதாரணம் இல்லை. அந்த ஒரு லிட்டரில் சராசரியாக 1 கிராம் சோடியம் வெளியேறுகிறது; ஆளுக்கு ஆள் இது பாதியாகவும் இருக்கலாம், இரண்டு மடங்காகவும் இருக்கலாம். சமையல் உப்பாகக் கணக்கிட்டால் சுமார் 2.5 கிராம், அதாவது தலைதட்டிய அரை டீஸ்பூன். பொட்டாசியமும் போகிறது, ஆனால் அளவு குறைவு. சர்க்கரை போகவே இல்லை. ஒரு கோலா பாட்டிலின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: 100 மில்லிக்கு 10 கிராமுக்குக் குறையாமல் சர்க்கரை, சோடியமோ பெயருக்கு. உடல் இழந்தது அதில் இல்லை. உடல் இழக்காதது அதில் நிறைந்திருக்கிறது. 250 மில்லி பாட்டில் ஒன்றைக் குடித்து முடிக்கும்போதே, ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்று உலக சுகாதார அமைப்பு சொல்லும் சேர்க்கைச் சர்க்கரையின் அளவு முடிந்துவிடுகிறது.

இங்கே விவரமறிந்தவர்கள் எழுப்பும் மறுப்பு ஒன்று உண்டு: ஓ.ஆர்.எஸ்.ஸிலேயே குளுக்கோஸ் இருக்கிறதே, சர்க்கரை இல்லாமல் உப்பு உடலில் ஏறாது அல்லவா? பாதி உண்மை. சிறுகுடலின் சுவரில் சோடியமும் குளுக்கோஸும் கைகோத்து உள்ளே போகும் ஒரு பாதை இருக்கிறது. அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் போகிறது. இந்த அறிவைக் கொண்டுதான் 1971இல் வங்கதேசப் போரின்போது போன்கான் அகதி முகாமில் மருத்துவர் திலீப் மஹலானாபிஸ், ஊசிவழிச் சலைன் தீர்ந்துபோன நிலையில், காலரா நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோஸும் சமையல் சோடாவும் கலந்த தண்ணீரை வாய்வழி கொடுத்து ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றினார். முகாமில் 30 சதவீதத்தை எட்டியிருந்த இறப்பு விகிதம் 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. ஆனால், அந்தப் பாதைக்குத் தேவைப்படும் குளுக்கோஸ் மிகக் கொஞ்சம். அளவு கூடினால் விளைவு தலைகீழ்: செறிவான இனிப்புக் கரைசல் வயிற்றிலிருந்து மெதுவாகவே இறங்கும், குடலுக்கு வந்த பிறகு உடலிலிருக்கும் தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும். இதைக் கண்டறிந்துதான் உலக சுகாதார அமைப்பே 2002இல் பழைய சூத்திரத்தின் குளுக்கோஸை 20 கிராமிலிருந்து 13.5 கிராமாகக் குறைத்தது. உப்பையும் குறைத்தது. மேலும், இந்தக் குளுக்கோஸ் சீனியாகத்தான் வர வேண்டும் என்பதில்லை. சோற்றுக் கஞ்சியில் உள்ள மாவுச்சத்து குடலில் கொஞ்சம் கொஞ்சமாகக் குளுக்கோஸாகப் பிரிகிறது. அரிசியை வைத்துச் செய்த வாய்வழிக் கரைசல் காலராவுக்கே பலன் தருவதை வங்கதேச ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சாப்பிட்டுவிட்டு வேலைக்கு வந்தவரின் குடலில் அந்தப் பாதைக்கு வேண்டியது பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கிறது.

இனிப்புப் பானம் பயன்படாது என்பதோடு விஷயம் முடிந்திருந்தால் இவ்வளவு அழுத்திச் சொல்லத் தேவையில்லை. சிறுநீரகத்தைப் பற்றிய கவலைதான் முக்கியம். அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 12 பேரை நான்கு மணி நேரம் சூடான சூழலில் உடலுழைப்பில் ஈடுபடுத்தி, ஒரு முறை தண்ணீரும் இன்னொரு முறை கஃபீன் கலந்த குளிர்பானமும் கொடுத்துப் பார்த்தார்கள். 2019இல் வெளியான அந்த ஆய்வில், குளிர்பானம் குடித்தபோதுதான் சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் குறியீடுகள் கூடின. சிறிய ஆய்வுதான், அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டத் தொழிலாளர்களிடம், நீரிழிவோ ரத்தக் கொதிப்போ இல்லாமலேயே சிறுநீரகம் பழுதாவது இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தெரிந்த விஷயம். சென்னை மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் தமிழ்நாட்டு விவசாயத் தொழிலாளர்களிடம் 2023இல் நடத்திய கள ஆய்விலும் ஏறத்தாழ 20 பேரில் ஒருவருக்குச் சிறுநீரகப் பாதிப்பு தெரிந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் வழக்கமான காரணங்கள் எதுவும் இல்லை. வெயிலும் நீர் வற்றிய உடலும் சேர்ந்து சிறுநீரகத்தைத் தேய்க்கின்றன என்ற சந்தேகம் வலுத்துவரும் நேரத்தில், அந்தச் சுமையின் மேல் சர்க்கரையையும் ஏற்றுவது நியாயமில்லை.

உப்பைப் பற்றி அடுத்த மறுப்பு வரும்: ரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டு இப்போது கூட்டச் சொல்வதா? கேள்வி சரியானது. ஒரு நாளைக்கு 5 கிராம் உப்பு போதும் என்பது உலக சுகாதார அமைப்பின் அளவு. இந்தியர்கள் சராசரியாக 8 கிராம் சாப்பிடுகிறோம். ஆகவே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வேலை செய்கிறவருக்குக் கூடுதல் உப்பு தேவையே இல்லை. எலக்ட்ரோலைட் என்று பெயர் போட்ட பொடியும் வேண்டாம். வெறும் தண்ணீரும் மூன்று வேளைச் சாப்பாடும் போதும். மணிக்கணக்கில் சட்டை நனைய உழைக்கிறவரின் கணக்கு வேறு. அவர் வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் தலைவலி, குமட்டல், குழப்பம், வலிப்பு வரை போகலாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் பரிசோதித்த ஓட்டக்காரர்களில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. புதிதாக வேலைக்கு வந்தவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். உடல் வெயிலுக்குப் பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். அந்த நாட்களில்தான் வியர்வையில் உப்பு படிப்படியாகக் குறையும். வடமாநிலத்திலிருந்து ரயிலில் வந்து இறங்கிய மறுநாளே ஒருவரை மொட்டைமாடித் தளத்தில் முழு நேர வேலைக்கு ஏற்றுவது இதனால்தான் தவறு.

எதைக் குடிப்பது என்றால் விடை எளியது. பெரும்பகுதி வெறும் தண்ணீர். 15, 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் வீதம், தாகம் முற்றுவதற்கு முன்பே. மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வியர்க்க வேலை செய்தால், இடையில் ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு போட்ட நீர்மோரோ, பழைய சோற்று நீராகாரமோ, கஞ்சியோ குடிக்கலாம். எலுமிச்சம்பழத் தண்ணீர் என்றால் சீனியை விட்டு உப்பு மட்டும். உப்புக் கரித்தால் தண்ணீர் சேர்க்க வேண்டும். இளநீர் நல்ல பானம், ஆனால் அதில் பொட்டாசியம்தான் மிகுதி, சோடியம் குறைவு. வியர்வைக்கு ஈடாக அதை மட்டும் நம்பக் கூடாது. சிறுநீரக நோயாளிகளும், பொட்டாசியத்தைக் கூட்டும் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் நாளும் இளநீர் குடிப்பது ஆபத்து. அவர்களும் இதய நோயாளிகளும் கூடுதல் உப்புக்கும் மருத்துவரைக் கேட்டாக வேண்டும். நம்மூர்ப் பானம் என்பதாலேயே ஒன்றுக்கு விலக்குக் கிடைத்துவிடாது: நன்னாரி சர்பத், ரோஸ்மில்க், கரும்புச்சாறு எல்லாம் சர்க்கரைக் கணக்கில் கோலாவோடுதான் சேரும். தசைப்பிடிப்போ தலைச்சுற்றலோ வந்துவிட்டால், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை முழுதாக ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் குடிக்கலாம். பாதிப் பொட்டலம் ஒரு டம்ளருக்கு என்று கரைத்தால் உப்பு மிஞ்சிவிடும்.

இதையெல்லாம் சொன்ன பிறகும் ஒரு மறுப்பு பதிலுக்குக் காத்திருக்கிறது. எல்லாவற்றிலும் நேர்மையானது அதுதான். கட்டட வேலை நடக்கும் இடத்தில் வெயிலில் காயும் பிளாஸ்டிக் டிரம், அதன் மேல் எல்லாருக்கும் பொதுவாக ஒரே டம்ளர், டிரம்முக்குள் எந்த லாரி எப்போது ஊற்றியது என்று தெரியாத தண்ணீர். அதைவிடச் சீல் வைத்த குளிர்பானம் மேல் என்று ஒரு தொழிலாளி முடிவெடுத்தால் அவரை அறியாமையில் இருப்பவர் என்று சொல்ல முடியாது. பெண்களின் நிலை இதைவிட மோசம். கழிப்பறை இல்லாத இடத்தில் வேலை செய்கிறவர்கள் காலையிலிருந்தே தண்ணீரைத் தவிர்க்கிறார்கள். சிறுநீர்த் தொற்றும் கல்லும் அதன் பலன். இவர்களிடம் ‘நிறையத் தண்ணீர் குடியுங்கள்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது அறிவுரையே ஆகாது. பொறுப்பு வேலை கொடுப்பவருடையது, அதைச் சட்டம் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 18ஆம் பிரிவு, குடிநீர் வைத்திருக்கும் இடத்தைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியில் எழுதிக் காட்ட வேண்டும், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கோடையில் குளிர்ந்த குடிநீர் தர வேண்டும் என்றது. 1996 கட்டுமானத் தொழிலாளர் சட்டம் குடிநீரையும் கழிப்பறையையும் கட்டாயமாக்கியது. இவை இரண்டின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் இந்தக் கடமைகளைக் கைவிடவில்லை. தமிழ்நாட்டில் தொழிற்சாலை, கட்டுமானம் பற்றிய புகாரைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்திலும், கடை, நிறுவனம் பற்றியதைத் தொழிலாளர் துறையிலும் எழுத்தில் கொடுக்கலாம். தனியாகக் கையெழுத்திடத் தயங்கினால் சங்கத்தின் பெயரில் கொடுப்பது பாதுகாப்பு. ஏமாற்று லேபிள் ஒட்டிய பானம் கண்ணில் பட்டால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமோ, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலோ, படத்தோடும் ரசீதோடும் புகார் செய்யலாம்.

உணவு, பொருள் கொண்டுபோய்ச் சேர்க்கும் இருசக்கர வாகன ஊழியர்களுக்கு இந்த ஏற்பாடு எதுவும் எட்டுவதில்லை. அவர்களின் பணியிடமே தெருதான். 2025இல் சென்னை மாநகராட்சி அவர்களுக்காகக் குளிரூட்டப்பட்ட ஓய்வறை திறந்தது நல்ல தொடக்கம். எல்லா ஊர்களுக்கும் அது வர வேண்டும்.

வியர்வை நின்று தோல் சூடாகி, அல்லது வியர்த்துக்கொண்டே இருந்தும் பேச்சு குழறி, ஆள் தடுமாறினால் அது வெப்பத்தாக்கு. அப்போது வாயில் எதையும் ஊற்றக் கூடாது. நினைவில்லாதவருக்கு அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். நிழலுக்குத் தூக்கிப்போய், உடுப்பைத் தளர்த்தி, உடல் முழுக்கத் தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே 108ஐ அழைக்க வேண்டும். வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் அறிவித்திருக்கிறது. அதனால் உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. ஆனால் இறப்புக்குக் காரணம் வெப்பம்தான் என்று உரிய அதிகாரி சான்றளிக்க வேண்டும். ‘மாரடைப்பு’ என்று மட்டும் பதிவாகிவிட்டால் குடும்பம் பிறகு நிரூபிப்பது கடினம். ஆகவே மருத்துவமனைக்குக் கூட்டிப்போகிறவர், எந்த இடத்தில், எத்தனை மணி நேரம் வெயிலில் வேலை, எத்தனை மணிக்கு விழுந்தார் என்பதை அனுமதிக்கும் மருத்துவரிடமே சொல்லி, அது சீட்டில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். உடன் வேலை பார்த்த இரண்டு பேரின் பெயரையும் குறித்து வைக்க வேண்டும்.