ஒரு செல் சொதப்பினால் மொத்த பேட்டரியும் காலி: கொச்சி படகு முதல் உங்க ஸ்கூட்டர் வரை

கோவையிலிருந்து ரயிலில் போய் ஆலுவாவில் இறங்கினால், கொச்சி மெட்ரோ அங்கிருந்தே தொடங்குகிறது. வைட்டிலாவில் இறங்கி, பக்கத்திலேயே இருக்கும் வாட்டர் மெட்ரோ படகில் ஏறினால் காக்கநாடு போய்விடலாம். 2023 ஏப்ரலில் தொடங்கிய இந்தப் படகுச் சேவை, 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரி வரை நீண்டது. கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் உருவான, 100 பேர் பயணிக்கும் இந்தப் படகுகள் லித்தியம் பேட்டரியில் ஓடுகின்றன.

படகு பேட்டரிக்கும் உங்கள் ஸ்கூட்டர் பேட்டரிக்கும் ஒரே விதிதான்: உள்ளே எத்தனை செல்கள் இருந்தாலும், மொத்த பேக்கும் எவ்வளவு தாங்கும் என்பதை முடிவு செய்வது அதிலுள்ள பலவீனமான செல்.

ஏன் அப்படி?

ஸ்கூட்டர்களில் பரவலாக உள்ள என்எம்சி வகை செல் ஒன்று சுமார் 3.7 வோல்ட் தரும். 13 செல்களை சீரிஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் '48 வோல்ட்' பேக் ரெடி.

ஒரே தொழிற்சாலையில் செய்தாலும் எல்லா செல்லும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்காது. ஒன்றின் கொள்ளளவு கொஞ்சம் குறைவாக இருக்கும். பேக்கின் நடுவில் உள்ளது அதிகம் சூடாகும். சிலவற்றில் சார்ஜ் வேகமாகக் கசியும். நாளாக ஆக இந்த வித்தியாசம் வளரும். பேரலலாக இணைத்த செல்கள் தங்களுக்குள் சமன் செய்துகொள்ளும். சீரிஸில் அது தானாக நடக்காது.

சார்ஜருக்கு இது தெரியாதா?

சாதாரண சார்ஜருக்குத் தெரியாது. ஒரு கணக்கு போடுவோம். என்எம்சி செல்லின் வழக்கமான உச்சவரம்பு 4.2 வோல்ட். 13 செல்களுக்கு 54.6 வோல்ட். இப்போ 12 செல்கள் 4.175 வோல்ட்டிலும், ஒரு செல் மட்டும் 4.5 வோல்ட்டிலும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டிப் பார்த்தால் அதே 54.6! சார்ஜர் பார்வையில் எல்லாம் ஓகே. உள்ளே ஒரு செல் ஆபத்தான எல்லைக்குப் போய்விட்டது.

அதனால்தான் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கண்காணிக்க பிஎம்எஸ் என்ற சர்க்யூட் வைக்கிறார்கள். அதற்கு இரண்டு வேலைகள்.

முதல் வேலை: சமன் செய்வது

அதிகம் ஏறிய செல்லின் சார்ஜை ஒரு ரெசிஸ்டர் வழியாக வெப்பமாக வெளியேற்றுவது 'பாஸிவ்' முறை. மலிவு, ஆனால் மெதுவானது. 50 மில்லி ஆம்பியர் வேகத்தில் 2 ஆம்பியர்-அவர் வித்தியாசத்தைச் சரிசெய்ய 40 மணி நேரம் ஆகும். அதிகம் உள்ள செல்லிலிருந்து குறைவான செல்லுக்கு சார்ஜை மாற்றுவது 'ஆக்டிவ்' முறை, விலை அதிகம். இரண்டுமே கெட்டுப்போன செல்லை குணப்படுத்தாது. வரிசையில் நிற்க வைக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது வேலை: துண்டிப்பது

வோல்டேஜ் எல்லை மீறினாலோ, கரன்ட் எகிறினாலோ, சூடு ஏறினாலோ, ஷார்ட் சர்க்யூட் ஆனாலோ பிஎம்எஸ் இணைப்பைத் துண்டிக்கும். ஸ்கூட்டரில் இது சரி. நடு ஆற்றில் படகு நின்றால்? அதனால்தான் கொச்சி படகுகளில் மாற்று ஏற்பாடாக டீசல் ஜெனரேட்டரும் உண்டு. பேட்டரியும் எல்டிஓ எனப்படும் லித்தியம் டைட்டனேட் வகை. எடைக்கு ஏற்ற ஆற்றல் குறைவுதான். ஆனால் வேகமான சார்ஜைத் தாங்கும், தீ அபாயமும் குறைவு.

விதிகள் என்ன சொல்கின்றன?

2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் இரவில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பற்றியதில், புகையில் மூச்சுத்திணறி ஒரு தந்தையும் 13 வயது மகளும் இறந்தார்கள். அந்த ஆண்டு வேறு ஊர்களிலும் ஸ்கூட்டர்கள் எரிந்தன. அதன்பிறகு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஏஐஎஸ் 156 தரநிலையைக் கடுமையாக்கியது. 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என இரண்டு கட்டங்களாக அது நடைமுறைக்கு வந்தது. பிஎம்எஸ்ஸின் பாதுகாப்பு அம்சங்களோடு, ஒரு செல்லில் பற்றும் வெப்பம் பேக் முழுக்கப் பரவுகிறதா என்ற சோதனையும் அதில் உண்டு. காரணம் இருக்கிறது: செல்லுக்கு உள்ளேயே ஷார்ட் ஆனால், வெளியே இணைப்பைத் துண்டித்தும் பயன் இல்லை.

நீங்கள் என்ன செய்யலாம்?

'அடிக்கடி கட் ஆகுது, பிஎம்எஸ்ஸை பைபாஸ் பண்ணிடலாம்' என்று மெக்கானிக் சொன்னால் சம்மதிக்காதீர்கள். ஏதோ ஒரு செல் எல்லையைத் தாண்டுவதால்கூட அது கட் ஆகலாம். பழைய பேக்கில் ஒரு செல்லை மட்டும் புதிதாக மாற்றினால், சமமின்மை இன்னும் கூடலாம். ரேஞ்ச் திடீரென்று குறைந்தாலோ, பேக் உப்பினாலோ, வழக்கத்துக்கு மாறாகச் சுட்டாலோ சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டு சர்வீஸ் சென்டரில் காட்டுங்கள். ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் தனித்தனியாகக் கேளுங்கள். மொத்த வோல்டேஜ் மட்டும் போதாது.