‘போர்ட்’ கேட்டால் பதில் சொல்வது யாருடைய கணினி?

2024 ஜூலை 1 முதல், சிம் மாற்றி ஏழு நாள் ஆகாதவர்களுக்கு, அதே எண்ணோடு வேறு நிறுவனத்துக்கு மாற (‘போர்ட்’ செய்ய) தேவையான யூபிசி குறியீடு கிடைப்பதில்லை. “தொலைந்த சிம்முக்கு மாற்று சிம் வாங்கினால் இனி கம்பெனியே மாற முடியாதா?” என்று பல வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். மாறலாம், ஏழு நாள் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான்.

சிம் மோசடியைத் தடுக்கவே இந்த ஏற்பாடு என்கிறது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய். அது பாதி உண்மை. உங்கள் பெயரில் போலி ஆவணம் கொடுத்து மாற்று சிம் வாங்கியவனுக்கு, கம்பெனி மாறாமலேயே வங்கி ஓடிபி வந்துவிடும். முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் நிறுத்திவைக்கும் விதிதான் அங்கே நமக்கிருக்கும் காவல். இந்த ஏழு நாள் விதி, எண்ணை அவன் வேறு நிறுவனத்துக்குக் கடத்திக்கொண்டு போவதை மட்டுமே தள்ளிப்போடுகிறது. மாற்று சிம்மைக் கொடுக்கும் கடையில் ஆளைச் சரியாகப் பார்க்கிறார்களா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

எனக்குக் கவலை தருவது இன்னொன்று. 2019 டிசம்பர் வரை, நீங்கள் விட்டுப்போகும் நிறுவனமே யூபிசி கொடுத்தது. போகிறவரைப் பிடித்துவைக்க அதற்கு எல்லாக் காரணமும் இருந்தது. அதனால் அந்த வேலை நடுவில் நிற்கும் நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. நாடு முழுவதற்கும் இரண்டே உரிமதாரர்கள். நீங்கள் 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பியதும், இந்த நடுநிலை நிறுவனத்தின் கணினி உங்கள் பழைய நிறுவனத்தின் கணினியிடம் கேள்விகளை அடுக்குகிறது. இணைப்புக்கு 90 நாள் ஆகிவிட்டதா? போஸ்ட்பெய்டு பாக்கி உண்டா? பெயர் மாற்றம் நடக்கிறதா? வழக்கு நிலுவையில் உள்ளதா? இப்போது கூடுதலாக, ஏழு நாளுக்குள் சிம் மாறியதா? எல்லாம் சரியென்றால் எழுத்தும் எண்ணுமாக எட்டு இடம் கொண்ட யூபிசி உங்களுக்கு வரும். இல்லையென்றால் மறுப்பும் காரணமும் வரும்.

கேட்பவர் நடுநிலையானவர், பதில் சொல்வதோ வாடிக்கையாளரை இழக்கப்போகிறவரின் பதிவேடு. கட்டிய பாக்கி அதில் ஏறாவிட்டால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். புதிய கேள்வி, அந்தப் பதிவேட்டை நம்ப வேண்டிய இடங்களில் இன்னொன்றைச் சேர்த்திருக்கிறது.

இனி, சில நடைமுறைக் கேள்விகள். யூபிசி எத்தனை நாள் செல்லும்? நான்கு நாள், ஜம்மு காஷ்மீர், அசாம், வடகிழக்கில் 30 நாள்.

எத்தனை நாளில் எண் புதிய நிறுவனத்துக்குப் போகும்? பொதுவாக, அதே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் மூன்று வேலை நாள், வெளி வட்டத்துக்கு ஐந்து.

பிரீபெய்டு இருப்பு? போய்விடும்.

தவறாக மறுத்தால்? நிறுவனத்துக்கு ஒவ்வொரு மறுப்புக்கும் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அந்தப் பணம் வாடிக்கையாளருக்கு வராது.