வானொலி, தொலைக்காட்சிச் செய்தித் துறை: சக்திக்கேற்ற மேற்படிப்பு எது?

பட்டப்படிப்பை முடிக்கும் தறுவாயில் இருக்கும் உங்கள் மகனோ மகளோ, வானொலி, தொலைக்காட்சிச் செய்தித் துறையில் முதுகலை படிக்க விரும்புவதாகச் சொன்னால், நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி "எவ்வளவு ஆகும்?" என்பதன்று. "அது நமக்கெதற்கு?" என்பதே முதற்கேள்வி.

காரைக்கால், திருமலைராயன்பட்டினம், நாகூர்க் கரையோரத்துப் பெரியவர்கள் இப்படிக் கேட்பதுதான் வியப்பு. கடலுக்கு அப்பாலிருந்து வந்த இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சியைச் செவிமடுத்து வளர்ந்த தலைமுறை அது. பி. எச். அப்துல் ஹமீத் அவர்களின் தமிழ் உச்சரிப்பைச் சமய வேறுபாடின்றித் தமிழர் அனைவரும் மெச்சினர். நம்மைப் பற்றிய செய்திகளை நம்மை அறியாதவர்களே எழுதுகிறார்கள் என்று ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாயிலில் நின்று குறைப்படுகிறோம். செய்தி வந்தால் தீர விசாரிக்க வேண்டும் என்று சூரா அல் ஹுஜுராத்தில் கற்பிக்கப்பட்ட சமுதாயம், விசாரித்துச் சொல்லும் தொழிலுக்குத் தன் பிள்ளையை அனுப்பத் தயங்குவது பொருத்தமாயில்லை.

ஆகவே செலவுக்கு வருவோம். முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். 'ஒலிபரப்பு இதழியல்' என்ற பெயரிலேயே முதுகலைப் பட்டம் தேடினால் நம் பகுதியில் அரிதாகவே கிடைக்கும். வெகுசனத் தொடர்பியல், மின்னணு ஊடகம், இதழியல் என்ற பெயர்களுக்குள்தான் அது அடங்கியிருக்கிறது. பெயரைப் பாராமல் பாடத்திட்டத்தைப் பாருங்கள்.

பட்டயம் வேறு, பட்டம் வேறு என்பதையும் மறவாதீர்கள். சென்னையின் ஆசிய இதழியல் கல்லூரி மிகச் சிறந்த பயிற்சி தருவதுதான். ஆனால் அது தருவது ஓராண்டு முதுநிலைப் பட்டயம். கட்டணமோ பல இலட்சம். 1965இல் டெல்லியில் தொடங்கப்பட்ட இந்திய வெகுசனத் தொடர்பியல் நிறுவனமும், 2024இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகும் வரை, பட்டயமே வழங்கி வந்தது. செய்தி அறையில் வேலைக்குப் பட்டயம் போதும். பின்னாளில் கல்லூரி ஆசிரியராக வேண்டுமானால் முதுகலைப் பட்டம் இல்லாமல் நடவாது. நம் பெண் பிள்ளைகளில் பலருக்கு ஆசிரியப் பணியே நிலைத்து நிற்கக்கூடியதாக அமைவதால், இதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

காரைக்கால் மக்களுக்கு அல்லாஹ்வின் கிருபையால் ஒரு வாய்ப்பு அமைந்திருக்கிறது. இருபுறமும் மத்தியப் பல்கலைக்கழகங்கள். வடக்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டரில் புதுச்சேரி. அதற்கும் அப்பால் காலாப்பட்டில் 1985இல் நிறுவப்பட்ட புதுவைப் பல்கலைக்கழகம். அங்கு வெகுசனத் தொடர்பியலில் எம்.ஏ., மின்னணு ஊடகத்தில் எம்.எஸ்ஸி. ஆகியவை உள்ளன. 'புதுவை வாணி' என்ற வளாக வானொலியும் உண்டு. மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் திருவாரூரை அடுத்த நீலக்குடியில், 2009இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம். அங்கும் ஊடகத் துறை இயங்குகிறது. காரைக்காலில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகக் கிளை வளாகத்தில் இந்தப் பாடம் இருக்கும் என்று எண்ணிச் சிலர் ஏமாறுகின்றனர். அது வணிகம், மேலாண்மை, கணினி ஆகியவற்றுக்கானது.

கட்டணத்தை மட்டும் ஒப்பிட்டால் இவ்விரு பல்கலைக்கழகங்களும் தனியார் கல்லூரிகளைவிட வெகுவாகக் குறைவு. ஆனால் குடும்பத்தை அழுத்துவது கட்டணமன்று. விடுதியும் உணவும் பயணமும்தான். அந்த வகையில் வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய திருவாரூரை, வயது வந்த பெண்ணை விடுதியில் விடத் தயங்கும் பெற்றோர் முதலில் எண்ணிப் பார்க்கலாம். படப்பிடிப்பு என்று வந்துவிட்டால் மாலை ஆறு மணிக்கு வீடு திரும்ப இயலாது என்பதையும் இப்போதே பேசி முடிவு செய்துகொள்வது நல்லது.

டெல்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியாவை நம்மவர் பெருமையோடு சொல்வர். 1982இல் அன்வர் ஜமால் கித்வாய் அவர்கள் தோற்றுவித்த அதன் வெகுசனத் தொடர்பியல் மையம் நாட்டின் தலைசிறந்தவற்றுள் ஒன்று. 2011இல் சிறுபான்மை நிறுவனமாக அறிவிக்கப்பட்டபின் அங்கு இடங்களில் பாதி முஸ்லிம்களுக்கென ஒதுக்கப்படுகிறது. கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: அங்கே ஒருங்கிணைந்த இதழியல் என்ற எம்.ஏ. சுயநிதிப் படிப்பு, அதன் கட்டணம் வேறு. ஐதராபாத் மௌலானா ஆசாத் பல்கலைக்கழகத்திலும் இதழியல் உண்டு, பயிற்றுமொழி உருது. நம் டெல்டாப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது கைகொடுக்கும்?

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள காரைக்கால் குடும்பங்களுக்கு இன்னொரு வழி திறந்திருக்கிறது. பிரான்சின் அரசுப் பல்கலைக்கழகங்களில் முதுகலைக் கட்டணம் ஆண்டுக்குச் சுமார் 250 யூரோதான். ஸ்ட்ராஸ்பூர், பொர்தோ நகரங்களின் அரசு இதழியல் பள்ளிகள் பெயர் பெற்றவை. போட்டித் தேர்வு கடினம். பிரெஞ்சு மொழியில் தாய்மொழி போலத் தேர்ச்சி வேண்டும். ஐரோப்பியக் குடியுரிமை இல்லாதவர்களுக்கு 2019 முதல் கட்டணம் பன்மடங்கு உயர்த்தப்பட்டுவிட்டது.

இனிப் பணம். கல்விக் கடன் என்றதும் வட்டி வந்து நிற்கிறது. சிறுபான்மையினருக்கான அரசுக் கழகங்களின் கடனுக்கும், குறைவாயினும், வட்டி உண்டு. இதனால்தான் கட்டணம் குறைந்த படிப்பைத் தேர்வது நமக்குச் சிக்கனம் மட்டுமன்று, மார்க்கப் பேணுதலும் ஆகிறது. ஊர் ஜமாஅத்தும் வெளிநாட்டில் உள்ள ஊர்வாசிகளும் மருத்துவம், பொறியியல் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் கர்ளன் ஹஸனாவை இத்துறைக்கும் விரிவாக்கினால் என்ன? கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். உதவித்தொகையை நம்பிக் கணக்குப் போடுவோர் அவ்வாண்டுக்கான அறிவிப்பு வந்துள்ளதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆய்வு மாணவர்க்கான மௌலானா ஆசாத் உதவித்தொகை 2022இல் நிறுத்தப்பட்டதை நினைவிற் கொள்க.

படிப்புக்குப் பின் வேலை எங்கே என்பதையும் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும். நம் நாட்டில் தனியார் பண்பலை நிலையங்களும் சமுதாய வானொலிகளும் சொந்தமாகச் செய்தி திரட்டி ஒலிபரப்ப அனுமதி இல்லை. வானொலிச் செய்தி என்றால் அகில இந்திய வானொலிதான். பி.பி.சி. தமிழோசையும் 1941இல் தொடங்கிய தன் வானொலிச் சேவையை 2017இல் நிறுத்திக்கொண்டது. எனவே குரல் மட்டும் போதும் என்று நினைக்கும் பிள்ளை, ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் கற்றே ஆக வேண்டும். காரைக்கால் பண்பலை 100.3 போன்ற நிலையங்கள் அவ்வப்போது குரல் தேர்வு நடத்தித் தற்காலிக அறிவிப்பாளர்களை எடுப்பதுண்டு. படிக்கும்போதே முயன்று பார்க்கலாம்.

விண்ணப்பிக்குமுன் ஒருநாள் அந்தத் துறைக்கு நேரில் போய் வாருங்கள். ஒலிப்பதிவுக் கூடம் பூட்டியிருக்கிறதா, திறந்திருக்கிறதா? ஒரு கேமராவுக்கு எத்தனை மாணவர்? தமிழில் செய்தி வாசிக்கவும் எழுதவும் பயிற்சி உண்டா, அல்லது எல்லாம் ஆங்கிலம்தானா? சொந்தக் கேமராவும் மடிக்கணினியும் வாங்கச் சொல்கிறார்களா? கடைசிக் கேள்விக்கு 'ஆம்' என்றால், அந்தத் தொகையையும் கட்டணத்தோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

பல மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேர, 2022 முதல் நடைபெறும் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வரும், தமிழில் இல்லை. 75 வினாக்கள், சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறானதற்கு 1 குறையும். தேர்வு மார்ச் மாதத்தில் வருவதால் விண்ணப்பம் அதற்கு முன்னரே முடிந்துவிடுகிறது. தேர்வு முடிவு வந்த பின் ஜூனில் விசாரிப்பது நம் வீட்டு வழக்கம். அதற்குள் அந்த ஆண்டு கை நழுவியிருக்கும். மூன்றாமாண்டு படிக்கும் பிள்ளை உள்ள வீட்டார் டிசம்பரிலேயே அறிவிப்பைப் பார்க்கத் தொடங்குங்கள்.