மூச்சு முட்டும் கட்டிக்குள் நம் செல்கள் என்ன செய்கின்றன, தெரியுமா?

நாம் இழுக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். புற்றுநோய்க் கட்டியின் ஆழத்தில் பல இடங்களில் அது 1 சதவீதத்துக்கும் கீழே போய்விடும், தெரியுமா? அங்கேயும் நம் நோய் எதிர்ப்பு செல்கள் நுழைகின்றன. நுழைந்து உயிரும் பிழைக்கின்றன!

ஏன் இந்தப் பஞ்சம்? ரத்தக்குழாயிலிருந்து கசியும் ஆக்சிஜனை 0.2 மில்லிமீட்டர் போவதற்குள் வழியிலுள்ள செல்களே தீர்த்துவிடும். 1955-லேயே ஆய்வாளர்கள் தாம்லின்சனும் கிரேயும் நுரையீரல் புற்றுக் கட்டிகளை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ரத்தக்குழாயை ஒட்டி உயிருள்ள செல்கள். அந்தச் சிறு தூரம் தாண்டினால் செத்த செல்கள்!

இனிமேல்தான் பிரமிப்பே. ஹிஃப்-1 ஆல்ஃபா என்றொரு புரதம். செல் இதை ஓயாமல் உண்டாக்குகிறது, உண்டாக்கிய கையோடு அழித்தும்விடுகிறது! ஆக்சிஜன் இருக்கும்வரை இந்தப் புரதத்தின் மேல் ஒரு ரசாயனக் குறி விழும். விழுந்த சில நிமிடங்களில் கதை முடிந்தது. ஆக்சிஜன் குறைந்தாலோ குறி விழாது. தப்பிய புரதம் உட்கருவுக்குள் புகுந்து நூற்றுக்கணக்கான மரபணுக்களை முடுக்கிவிடும். வீண் உழைப்பா? இல்லவே இல்லை! ஆபத்து வந்த பிறகு புரதம் தயாரிக்க நேரமேது? அழிப்பதை நிறுத்தினாலே போதுமே! இந்த நுட்பத்தைத் துலக்கிய செமன்சா, ராட்கிளிஃப், கேலின் மூவருக்கும் 2019-இல் நோபல் பரிசு.

இந்தப் புரதம் தூண்டியதும், புற்றுசெல்லைக் கொல்லும் டி செல் ஆக்சிஜன் தேவைப்படாத வழியில் குளுக்கோஸை உடைத்துச் சண்டையைத் தொடர்கிறது. ஆனால் அதே குளுக்கோஸுக்குப் புற்றுசெல்லும் போட்டி! நாள்கணக்கில் திணறிக்கொண்டே போரிடும் டி செல்கள் சோர்ந்துபோகின்றன. மேக்ரோஃபேஜ் என்ற இன்னொரு நோய் எதிர்ப்பு செல் செய்வது இன்னும் கொடுமை: காயம் ஆற்றும் பழக்கத்தில் புது ரத்தக்குழாய் வளரச் சொல்லிச் சமிக்ஞை அனுப்பி, கட்டிக்கே சோறு போடுகிறது.

இந்தப் பஞ்சத்தையே ஆயுதமாக்க முடியுமா? முடிந்திருக்கிறது! லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள், டி செல்லில் பொருத்தும் செயற்கை ஏற்பியோடு ஹிஃப் புரதத்தின் அழிபடும் துண்டை ஒட்டினார்கள். ஆக்சிஜன் நிறைந்த நல்ல திசுக்களில் அந்த ஏற்பி அழிந்துபோகிறது. மூச்சு முட்டும் கட்டிக்குள் மட்டும் அது நிலைத்து நிற்க, டி செல் தாக்குகிறது. 2021-இல் வெளியான ஆய்வு அது, எலிகளில் பலித்தது!