கொலஸ்ட்ரால் கட்டம் காலியா இருந்தா கணக்கு என்ன ஆகும்?

கொலஸ்ட்ராலுக்கும் இதய நோய்க்கும் சம்பந்தமே இல்லையாம்! 2007-ல் பிரிட்டனில் வெளியான ‘கியூரிஸ்க்’ என்ற இதய நோய்க் கணிப்பு முறையின் முதல் கணக்கு அப்படித்தான் காட்டியது. கையில் லட்சக்கணக்கானோரின் மருத்துவப் பதிவுகள் இருந்தன. ஆனால், பலருக்குக் கொலஸ்ட்ரால் கட்டம் காலி.

டெஸ்ட் எடுக்காதவர்களைத் தூக்கிவிடலாமே? டாக்டருக்குச் சந்தேகம் வந்தவர்களுக்குத்தானே பெரும்பாலும் டெஸ்ட் எழுதுவார்; மிஞ்சுவது ஊர் நிலவரம் ஆகாது. சராசரியைப் போட்டு நிரப்பினால்? எல்லாரும் ஒரே அச்சாகிவிடுவார்கள்.

இதற்கு அமெரிக்கப் புள்ளியியலாளர் டொனால்ட் ரூபின் 1970-களில் முன்வைத்த வழிதான் ‘மல்டிபிள் இம்ப்யூட்டேஷன்’. வயது, எடை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்து, காலிக் கட்டத்துக்குப் பல மதிப்புகளை ஊகிக்க வேண்டும். 20 முறை நிரப்பினால் 20 அட்டவணை, 20 விடை. அவற்றின் சராசரிதான் முடிவு. விடைகள் எவ்வளவு சிதறுகிறதோ, முடிவில் அவ்வளவு சந்தேகம்.

கியூரிஸ்க் குழுவும் இந்த வழியில்தான் போனது. சிக்கல், நிரப்பிய விதத்தில். இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: யாருக்கு நோய் வந்தது என்ற தகவலையும் ஊகத்தில் சேர்க்கணும். விடையைப் பார்த்துக் காப்பியடிக்கிற மாதிரி தோன்றும்தான். ஆனால் அதை விட்டுவிட்டால், நிரப்பிய எண்களுக்கு நோயோடு இருக்க வேண்டிய தொடர்பு மங்கிவிடும்.

குழு பிறகு நிரப்பும் முறையைத் திருத்தியது. கொலஸ்ட்ராலின் தொடர்பு பளிச்செனத் தெரிந்தது.